கருவிக்கும் கட்டளைக்கும் இடையே: சாதனச் செலுத்திகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வரலாறு என்பது முடிமன்னரின் வரிசையும் போர்களின் பட்டியலுமே என்ற கருத்து எமது கலைப்பீடங்களில் வழக்கொழிந்து நெடுங்காலமாகின்றது. ஏரும் தறியும் நீராவி இயந்திரமும் வரலாற்று மாணவனின் கவனத்துக்கு உரியனவாகிவிட்டன. கணனியைப் பொறுத்தவரையில் இம்மாற்றம் இன்னும் முழுமையாக ஏற்படவில்லை. கணனியின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் அதனைக் கண்டுபிடித்த மேதைகளின் வரலாறாகவோ, அதனை விற்றுச் செல்வந்தரானோரின் வரலாறாகவோதான் பெரும்பாலும் எழுதப்படுகின்றது. முடிமன்னர் வரிசை வேறோர் உருவில் மீண்டுவிட்டது என்றே கூறத் தோன்றுகின்றது. இக்கட்டுரை அத்தகைய புகழ் எதனையும் எய்தாத ஒரு தொழிலை, அதாவது உட்பொதிந்த கணனிகளுக்குச் சாதனச் செலுத்தி எழுதும் தொழிலை, அதன் வரலாற்றில் நிகழ்ந்த சில சம்பவங்களினூடாக நோக்க முற்படுகின்றது.

உட்பொதிந்த கணனி என்பது மேசைமீதிருந்து தன்னைக் கணனியென அறிவித்துக்கொள்ளாத கணனியாகும். மின்னுயர்த்தியினுள்ளும், மோட்டார் வாகனத்தினுள்ளும், நோயாளியின் நாளத்தினுள் மருந்தை அளந்து செலுத்தும் பொறியினுள்ளும் அஃது ஒளிந்திருக்கின்றது. அதன் நேரத்தைப் பல வேலைகளுக்கிடையே பங்கிட்டுக் கொடுப்பது பணிசெயல் முறைமை. அம்முறைமைக்கும் வெளியேயுள்ள மோட்டார், வால்வு, காந்தம், ராடார் முதலிய பருப்பொருள்களுக்கும் இடையில் நின்று ஒன்றின் மொழியை மற்றொன்றுக்கு உரைக்கும் செய்நிரலே சாதனச் செலுத்தி எனப்படும். வாகனம் ஓட்டுபவரை எமது நாட்டில் சாரதி என வழங்குகின்றோம். அச்சொல்லையே இங்கும் ஆளலாமெனினும், பாரதப் போர்க்களத்தின் நினைவு இடையே புகுந்து பொருளை மயக்கக்கூடும். ஆதலால் ‘செலுத்தி’ என்ற சொல்லே ஈண்டு ஆளப்படுகின்றது.

சாதனம் ஒவ்வொன்றும் கணனியை நோக்கிச் சில சிறு அறைகளைத் திறந்துவைத்திருக்கின்றது. பதிவகங்கள் எனப்படும் இவ்வறைகளுள் ஒன்றில் குறித்த எண்ணை இட்டால் மோட்டார் சுழலும். இன்னொன்றை வாசித்தால் வெப்பநிலை தெரியவரும். எவ்வறையில் எவ்வெண்ணை எந்த ஒழுங்கில் எவ்வளவு நேரம் பொறுத்து இடவேண்டும் என்பதை முறைமை முழுவதிலும் செலுத்தி ஒன்றே அறியும். சாதனம் தன் வேலையை முடித்துவிட்டதா என அறிவதற்கு இரு வழிகள் உள. தபாற்காரனை எதிர்பார்த்துப் படலையடியிலேயே நிற்பது ஒரு வழி. அவன் மணியடிக்கும்போது கைவேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து செல்வது மற்றையது. குறுக்கீடு எனப்படும் இப்பின்னைய வழி 1950களில் வழக்குக்கு வந்தது. செலுத்தி எழுதுதல் கடினமான கலையாகியது அதன் பின்னரேயாகும். மணி எப்போது அடிக்கும் என்பது எழுதுபவனுக்குத் தெரியாது. பாதி போட்ட கணக்கின் நடுவிலும் அடிக்கலாம். இரு தபாற்காரர் ஒரே கணத்தில் வரவும் கூடும்.

இவ்வறிவைத் தனியானதொரு பகுதியாக ஒதுக்கிவைத்தல் ஒரே நாளில் ஏற்பட்டதன்று. தொடக்க காலத்தில் செய்நிரல் எழுதிய ஒவ்வொருவரும் தத்தம் சாதனங்களைத் தாமே நேரடியாகத் தொட்டனர். 1969 ஆம் ஆண்டு பெல் ஆய்வுகூடத்தில் தொடங்கப்பட்ட யுனிக்ஸ் முறைமை, சாதனங்களையும் கோப்புகளைப் போலவே திறந்து, வாசித்து, எழுதி, மூடத்தக்கனவாகக் காட்டியது. அதன் செல்வாக்கு வீ.எக்ஸ்.வேர்க்ஸ் போன்ற உட்பொதிந்த முறைமைகளிலும் பின்னர் படிந்தது. மேலேயுள்ளவன் கீழேயுள்ள கருவியை அறியாமலே அதனைப் பயன்படுத்தலாம் என்பது இதனாற் கிடைத்த பெரும் வசதி. அறியாமையும் அத்தோடு கூடவே வந்தது.

செலுத்தியை எழுதுபவனிடம் பெரும்பாலும் சாதனம் இருப்பதில்லை. அஃது இன்னொரு தொழிற்சாலையில் இன்னும் ஆக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அவன் கையிலிருப்பது சாதனத்தைப் பற்றிய ஒரு தாளே. ஆகவே அவன் எழுதுவது அத்தாளுக்கான செலுத்தியேயன்றிச் சாதனத்துக்கான செலுத்தியன்று. இவ்விடத்திலேதான் இவ்விடயம் வரலாற்று மாணவனின் எல்லைக்குள் வந்துவிடுகின்றது. குளத்தைத் திருத்துமாறு மன்னன் ஆணையிட்டான் என்பதைச் சாசனம் கூறும். குளம் திருத்தப்பட்டதா என்பதை அது கூறாது. ஆவணத்துக்கும் நிகழ்ந்ததற்கும் இடையேயுள்ள தூரத்தை அளப்பது எமக்குப் பழகிய வேலை. அதே தூரம் பொறியியலாளரிடையே எத்தகைய விளைவுகளைத் தந்தது என்பதைக் காண்பதற்கு அப்பலோ விண்கலத்தின் கணனியிலும் தக்க எடுத்துக்காட்டு வேறில்லை.

1961 ஆம் ஆண்டில் நாசா நிறுவனம் அப்பலோவின் வழிகாட்டற் பொறியமைப்பை வடிவமைக்கும் பொறுப்பை எம்.ஐ.ரி. கருவியியல் ஆய்வுகூடத்திடம் ஒப்படைத்தது. சார்ள்ஸ் ஸ்ராக் டிரேப்பர் அதன் தலைவராயிருந்தார். அங்கு வடிவமைக்கப்பட்டு ரேதியன் நிறுவனத்தால் ஆக்கப்பட்ட கணனி, ஏறத்தாழ 32 கிலோகிராம் எடையுடையது. மாற்றமுடியாத நினைவகத்தில் 36,864 சொற்களும், மாற்றத்தக்க நினைவகத்தில் 2,048 சொற்களுமே அதற்கிருந்த செல்வம். மாற்றமுடியாத நினைவகம் உண்மையிலேயே நெய்யப்பட்டது. தொழிற்சாலைப் பெண்கள் சிறு காந்த வளையங்களினூடாகவும் அவற்றுக்கு வெளியாகவும் கம்பியைக் கோத்துச் செய்நிரலை ஆக்கினர். நெய்து முடிந்தபின் ஓர் எழுத்தை மாற்றவும் இயலாது. தறியின் வரலாற்றைக் கற்றவர்கள் இவ்விடத்தில் சற்றே தரித்து நிற்கலாம்.

இக்கணனிக்கு ஹல் லானிங் என்பவர் வகுத்த பணிசெயல் முறைமை அக்காலத்தில் வியத்தகு எளிமையுடையது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. புதிய வேலையொன்று தொடங்கும்போது அதற்கு 12 சொற்கள் கொண்ட சிறு இடம் ஒன்று ஒதுக்கப்படும். கூடிய இடம் வேண்டுமாயின் 44 சொற்கள் கொண்ட பேரிடமும் உண்டு. சந்திரனில் இறங்கும் கலத்தில் சிற்றிடங்கள் எட்டும் பேரிடங்கள் ஐந்துமே இருந்தன. சிற்றிடம் தீர்ந்துவிடின் 1202 என்றும், பேரிடம் தீர்ந்துவிடின் 1201 என்றும் எச்சரிக்கை தோன்றும். அவை தோன்றுமென எவரும் எதிர்பார்க்கவில்லை. இறங்கும் கட்டத்தில் இரண்டு செக்கனுக்கு ஒருமுறை நிகழவேண்டிய கணிப்புகள் அனைத்தும் அந்நேரத்துள் முடிந்து, சிறிதளவு நேரமும் மிஞ்சும் எனவே கணக்கிடப்பட்டிருந்தது.

1969 ஆம் ஆண்டு யூலை 20 ஆம் திகதி ஆம்ஸ்ரோங்கும் ஓல்ட்ரினும் இறங்கிக்கொண்டிருக்கையில் இவ்வெச்சரிக்கைகள் ஐந்து தடவை தோன்றின. அவற்றின் காரணம் சாதனமொன்றின் எல்லையில் இருந்தது. தாய்க்கலத்தைத் தேடுவதற்கான ராடாரின் கோணங்களைக் கணனிக்கு உணர்த்துவதற்கு ஓர் இணைப்பலகு இருந்தது. கோணம் சிறிது மாறும்போதெல்லாம் அது ஒரு துடிப்பை அனுப்பும். அத்துடிப்பை எண்ணுவதற்குக் கணனி தன் நினைவக வட்டம் ஒன்றை, அதாவது 11.7 மைக்ரோ செக்கனை, செலவிடும். செய்நிரலுக்கு இது தெரியாது. அதன் இரு கட்டளைகளுக்கு நடுவே ஒரு கணம் களவுபோகும், அவ்வளவே. ராடாரும் இணைப்பலகும் வெவ்வேறு மூலங்களிலிருந்து 800 சக்கர மின்னோட்டத்தைப் பெற்றன. அவ்விரண்டின் மீடிறனும் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என இரு நிறுவனங்களுக்கிடையேயான இடைமுக ஆவணம் விதித்திருந்தது, அவ்வாறே பூட்டப்பட்டுமிருந்தது. அவை ஒரே அவத்தையில் இருத்தல் வேண்டும் என்பதை அவ்வாவணம் கூற மறந்துவிட்டது. இருவர் ஒரே வேகத்தில் நடக்கலாம். ஒருவர் வலக்காலையும் மற்றவர் இடக்காலையும் எடுத்து வைப்பாராயின் அவர்கள் சேர்ந்து நடப்பதாகாது. அவத்தை எவ்வாறு அமையும் என்பது ஆளிகள் போடப்பட்ட கணத்தைப் பொறுத்த தற்செயலாயிற்று.

அன்று அது மிகப் பாதகமாக அமைந்தது. ராடாரின் ஆளி, நடைமுறைப் பட்டியல் கூறியவாறே, கணனியின் கட்டுப்பாட்டுக்கு வெளியேயுள்ள நிலையில் வைக்கப்பட்டிருந்தது. அசையாதிருந்த ராடார் அசைவதாக இணைப்பலகு கருதி, இரு கோணங்களுக்கும் செக்கனுக்கு 6,400 வீதம் துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து 12,800. அதனை 11.7 ஆற் பெருக்கினால் ஒவ்வொரு செக்கனிலும் ஏறத்தாழ 0.15 செக்கன் களவுபோனமை தெரியவரும். மிச்சமென்று கருதப்பட்ட நேரம் இவ்வாறு மறைந்தது. ஒரு சுற்றுக் கணிப்பு முடியுமுன் அடுத்த சுற்றுத் தொடங்கிற்று, முடியாத வேலைகள் இடங்களைப் பிடித்துக்கொண்டு நின்றன, எச்சரிக்கை எழுந்தது.

விண்வெளி வீரர் விசையை அழுத்தியதில் ஏதோ பிழை நேர்ந்தது எனப் பலகாலமாக எழுதப்பட்டு வந்துள்ளது. இறங்கும் செய்நிரலின் பெரும் பகுதியை எழுதிய டொன் எயில்ஸ் என்பவர் 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட நினைவுக் கட்டுரையொன்றில் இதனை உறுதியாக மறுத்துள்ளார். வீரர் தமக்கு எழுதிக்கொடுக்கப்பட்டதையே செய்தனர். பிழை ஆவணத்தில் இல்லாத ஒரு சொல்லிற் கிடந்தது. குற்றத்தை மனிதனின் விரல்நுனியிற் காணும் பழக்கம் வலியது. அதனைப் பின்னரும் சந்திப்போம்.

இறக்கம் கைவிடப்படாமைக்கு லானிங்கின் முறைமையிலிருந்த ஒரு பண்பே காரணமாகும். இடம் தீர்ந்துபோனவுடன் கணனி எல்லா வேலைகளையும் கலைத்துவிட்டு, மீளத் தொடங்குவதற்கென முன்கூட்டியே குறித்துவைக்கப்பட்டவற்றை மாத்திரம் அவை நின்ற இடத்திலிருந்து மறுபடியும் தொடக்கிற்று. வழிகாட்டற் கணிப்புத் தப்பியது. திரையில் எண்களைக் காட்டும் வேலை உதிர்ந்தது. தரையில் இருந்தோருக்கு இது எவ்வாறு புரிந்தது என்பதும் ஆவணம் பற்றிய கதையே. அம்மாதம் 5 ஆம் திகதி நடந்த ஒத்திகையொன்றில் இத்தகைய எச்சரிக்கை தோன்றியபோது, வழிகாட்டல் அதிகாரி ஸ்ரீவ் பேல்ஸ் தேவையின்றி இறக்கத்தைக் கைவிடச் செய்தார். அதன்பின் எல்லா எச்சரிக்கைகளுக்கும் விளக்கம் எழுதிவைக்குமாறு பணிக்கப்பட்டது. ஜாக் கார்மன் என்ற 24 வயது இளைஞர் தம் கையெழுத்தில் ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருந்தார். உரிய நேரத்தில் ‘தொடரலாம்’ என்ற விடை அதிலிருந்தே பிறந்தது. முத்திரையிட்ட ஆவணம் விட்ட குறையைக் கைப்பட எழுதிய ஒரு தாள் நிரப்பிற்று.

இதே இறக்கத்தில் இன்னுமொரு நிகழ்ச்சி உண்டு. அது 1202 எச்சரிக்கையைப் போலப் புகழ் பெறவில்லையாயினும், எனது கருத்தில் அதனிலும் கூடிய பொருளுடையது. இறங்கும் இயந்திரத்தின் உதைப்பைக் கூட்டவும் குறைக்கவும் கட்டளையிடும்போது, அக்கட்டளை நிறைவேறுவதற்குச் சிறு தாமதம் ஏற்படும். அத்தாமதம் 0.3 செக்கன் என இடைமுக ஆவணம் கூறிற்று. செய்நிரல் அதனை முழுமையாக ஈடுசெய்யாது 0.2 செக்கன் அளவே ஈடுசெய்தது. உண்மையில் இயந்திரத்தை ஆக்கியோர் அதனை இடையிலே திருத்திச் செம்மைப்படுத்தியிருந்தனர். தாமதம் ஏறத்தாழ 0.075 செக்கனாகக் குறைந்துவிட்டது. இயந்திரம் திருந்தியது, ஆவணம் திருந்தவில்லை. இதன் விளைவாக அப்பலோ 11, அப்பலோ 12 ஆகிய இரண்டிலும் தரையிறங்கும் வேளையில் உதைப்பு ஏறியும் இறங்கியும் ஆடிற்று. ஆவணத்தை முற்றாக நம்பி 0.3 செக்கனையும் ஈடுசெய்திருந்தால் அவ்வாட்டம் கட்டுக்கடங்காது போயிருக்கும் எனப் பின்னர் செய்த ஆய்வு காட்டியதாக எயில்ஸ் எழுதுகின்றார். ஒருவர் தம் கருவியை நன்றாக்கியமையே மற்றொருவருக்கு ஆபத்தாக முடியவிருந்தது. ‘முன்னேற்றம்’ என்ற சொல்லை வரலாற்று நூல்களில் இலகுவாகக் கையாளும் நாம் இவ்வெடுத்துக்காட்டை மனங்கொள்வது நன்று.

அப்பலோவில் உயிர்கள் தப்பின. அடுத்து நாம் நோக்கவிருக்கும் நிகழ்ச்சியில் அவ்வாறு நேரவில்லை. தெராக் 25 என்பது கனடா அணுசக்தி நிறுவனம் ஆக்கிய கதிர்வீச்சுச் சிகிச்சைப் பொறி. 1982 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்த இப்பொறிகள் ஐக்கிய அமெரிக்காவில் ஐந்தும் கனடாவில் ஆறுமாகப் பதினொன்று நிறுவப்பட்டன. ஒரே பொறி இருவகைக் கதிர்களைத் தரும். இலத்திரன் கற்றையை நேரே பயன்படுத்துவது ஒரு வகை. அதனிலும் ஏறத்தாழ நூறு மடங்கு வலிய கற்றையை ஓர் இலக்கின்மீது மோதவிட்டு எக்ஸ் கதிரைப் பெறுவது மற்றொரு வகை. எவ்வகைக்கு எக்கருவி கற்றையின் வழியில் நிற்கவேண்டும் என்பதைச் சுழலும் தட்டு ஒன்று தீர்மானிக்கும். தட்டு ஒரு நிலையிலும் கற்றை மறுநிலையிலும் இருந்தால் வலிய கற்றை தடையேதுமின்றி நோயாளியின் உடலிற் பாயும்.

இதற்கு முந்திய தெராக் 20 என்னும் பொறியில் இந்நிலை ஏற்படாமற் காப்பதற்குக் கணனியைச் சாராத மின்பூட்டுகள் இருந்தன. தெராக் 25 இல் அக்காவல் வேலை பெருமளவில் மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது. அம்மென்பொருளை பி.டி.பி. 11 கணனிக்கென ஒரேயொருவர் பல ஆண்டுகளாக எழுதினார். பணிசெயல் முறைமையும் வெளியில் வாங்கப்பட்டதன்று, அப்பொறிக்கெனவே எழுதப்பட்டது. தட்டை நகர்த்துவது, காந்தங்களை அமைப்பது, விசைப்பலகையை வாசிப்பது ஆகிய யாவும் அதன் வேலைகள். 1983 ஆம் ஆண்டு நிறுவனம் நடத்திய பாதுகாப்பு ஆய்வு மென்பொருளைக் கணக்கில் எடுக்கவில்லை. மென்பொருள் தேய்வதில்லை என்பது அதில் ஓர் எடுகோள். தேயாத பொருளும் தொடக்கத்திலிருந்தே பிழையாக இருக்கலாம் என்பது ஆய்ந்தோருக்குத் தோன்றாமற் போனது விந்தையே.

1985 யூன் முதல் 1987 சனவரி வரை ஆறு நோயாளர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாகினர். அவர்களுள் குறைந்தது மூவர் அதனாலேயே இறந்தனர். டெக்சாஸ் மாநிலத்தின் ரைலர் நகரில் 1986 மார்ச்சிலும் ஏப்ரிலிலும் நேர்ந்த இரு விபத்துகள் செலுத்தியின் இயல்பைத் தெளிவாகக் காட்டுகின்றன. பொறியை இயக்கியவர் தொழிலில் நன்கு தேர்ந்த பெண். இலத்திரன் சிகிச்சைக்கு உரிய எழுத்துக்குப் பதிலாக எக்ஸ் கதிருக்கு உரிய எழுத்தைத் தட்டிவிட்டுத் தவறை உணர்ந்தார். திரைக்குறியை மேலே நகர்த்திச் சில செக்கன்களில் திருத்திக்கொண்டு தொடர்ந்தார். திரையிலே திருத்தம் சரியாகத் தோன்றியது. பொறியினுள்ளே நிகழ்ந்தது வேறு.

காந்தங்கள் தம் நிலையை அடைவதற்கு ஏறத்தாழ எட்டுச் செக்கன் தேவை. பருப்பொருளின் இயல்பு அது. கட்டளையால் அதனை விரைவுபடுத்த இயலாது. அவ்வெட்டுச் செக்கனும் காத்திருக்கும் துணைச்செய்நிரல், இடையில் எவரேனும் எழுத்தை மாற்றினரா எனப் பார்க்கவேண்டும். முதலாவது காந்தத்துக்குக் காத்திருக்கும்போது பார்த்தது. அதன் முடிவில் ஓர் அடையாளக்குறியை அழித்துவிட்டமையால் ஏனைய காந்தங்களுக்குக் காத்திருந்தபோது பார்க்கவில்லை. அதே வேளையில் தட்டை நகர்த்தும் வேலையோ புதிய எழுத்தை வாசித்து அதற்கேற்பத் தட்டை மாற்றிவிட்டது. சிகிச்சை வகையைக் குறிக்கும் மாறியின் ஒரு பைற்றை ஒரு வேலையும் மறு பைற்றை மற்றொரு வேலையும் வாசித்தன. தட்டு இலத்திரனுக்கும் கற்றை எக்ஸ் கதிருக்குமாக நின்றன. திரையில் ‘பழுது 54’ என்ற சொற்கள் தோன்றின. அதன் பொருளை இயக்குநரின் கைந்நூல் விளக்கவில்லை. பொறி அளித்த கதிர்வீச்சு குறித்த அளவிலும் மிகக் குறைவு என்றே திரை காட்டிற்று.

பொறியாளர் வந்து சோதித்தபோது எதுவும் தோன்றவில்லை. அவர்கள் மெதுவாகத் தட்டினர். இரண்டாவது விபத்தின் பின்னர் அவ்வைத்தியசாலையின் பௌதிகவியலாளரும் அவ்வியக்குநரும் பொறியை நிறுத்திவிட்டு, நடந்ததை நினைவிலிருந்து திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, வேகமே மறைபொருள் எனக் கண்டனர். பயிற்சியற்றவர் கையில் தோன்றாத பழுது, கைதேர்ந்தவர் கையில் தோன்றிற்று. நிறுவனம் உடனடியாக அனுப்பிய பரிகாரம் யாதெனில், திரைக்குறியை மேலே நகர்த்தும் விசையின் மூடியைக் கழற்றிவிட்டு அதன் தொடுகையை மின்னொட்டு நாடாவால் அசையாது ஒட்டிவிடுதல் என்பதாகும். பழி மீண்டும் விரல்நுனிக்கே சென்றமையைக் கவனிக்க.

1987 சனவரியில் வாஷிங்ரன் மாநிலத்தின் யாக்கிமா நகரில் நேர்ந்த விபத்து வேறொரு வழுவால் ஆயது. தட்டைச் சரிபார்க்க வேண்டுமா என்பதைக் காட்டும் ஒரு பைற்றுக்குச் ‘சுழியமன்று’ என்ற பெறுமானம் கொடுக்கவேண்டிய இடத்தில், ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட்டப்பட்டது. ஒரு பைற்று 255 வரையே எண்ணும். ஆகவே 256 ஆவது சுற்றில் அது சுழியமாகி, சரிபார்த்தல் ஒரு கணம் தவறியது. அக்கணத்தில் இயக்குநர் பொத்தானை அழுத்தினார். இதனைத் திருத்துவதற்கு ஒரு கட்டளையை மாற்றுவது போதுமாயிருந்தது.

இப்பழுதுகள் தெராக் 25 இல் தோன்றியவை எனக் கருதுதல் பொருந்தாது. ரைலரில் வெளிப்பட்ட வழு தெராக் 20 இன் மென்பொருளிலும் இருந்தது. சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர் அப்பொறியிற் பயிலத் தொடங்கும் காலங்களில் உருகிகள் எரிந்து பொறி நின்றுவிடுவது வழக்கம். தெராக் 25 பற்றிய செய்தி வெளிவந்த பின்னரே, மாணவர் ஒழுங்கற்றுத் தட்டியதால் அதே வழு அங்கும் வெளிப்பட்டு வந்தது என்பது கண்டறியப்பட்டது. அங்கு எவரும் காயமுறவில்லை, கணனியைச் சாராத பூட்டு அங்கிருந்தமையால். மென்பொருள் நற்சான்றுடன் தெராக் 25 க்கு வந்தது. அந்நற்சான்றை உண்மையில் ஈட்டியது பூட்டு. பூட்டைக் கழற்றியோர் இதனை அறியவில்லை. அறிவதற்கான ஆவணமும் இருக்கவில்லை. மென்பொருள் ஆக்கப்பட்ட காலத்தில் மிகச் சிறிதளவே எழுதிவைக்கப்பட்டது.

செவ்வாயில் 1997 யூலை 4 ஆம் திகதி இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கதையைச் சுருக்கமாகவே குறிப்பிடலாம். வீ.எக்ஸ்.வேர்க்ஸ் முறைமையில் இயங்கிய அதன் கணனி, சில நாட்களில் தானாகவே மீண்டும் மீண்டும் தொடங்கலாயிற்று. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணியொன்று பொதுப்பூட்டைப் பிடித்திருக்கையில் இடைத்தரப் பணிகள் குறுக்கிட்டன. அதனால் சாதனங்களிடையே தரவைப் பங்கிடும் உயர்தரப் பணி காத்துக்கிடந்தது. இங்கும் ஒரு சாதனத்தின் மரபு பின்னணியில் உண்டு. கலத்தின் பகுதிகளை இணைத்த தரவுப்பாதை கசினி விண்கலத் திட்டத்திலிருந்து பெறப்பட்டது. அதனோடு, செக்கனுக்கு எட்டுத் தடவை மென்பொருள் அதற்குப் பணிசெய்யவேண்டும் என்ற நியதியும் வந்து சேர்ந்தது. அந்த 0.125 செக்கனுள் வேலை முடியாவிடின் முறைமை தன்னைத்தானே மீளத் தொடக்கும். பொறியியலாளர் பூமியிலிருந்த பிரதியில் பழுதைத் தோற்றுவித்து, காரணம் கண்டு, ஒரு சிறு மாற்றத்தைச் செவ்வாய்க்கு அனுப்பித் திருத்தினர். இப்பழுதின் சாயல் பறப்புக்கு முந்திய சோதனைகளிலும் தலைகாட்டியது என்பதை மென்பொருட் குழுவின் தலைவர் கிளென் ரீவ்ஸ் அவ்வாண்டிலேயே வெளிப்படையாக எழுதினார்.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் ஆராயும் மாணவன் மூலாதாரங்களைத் தேடிச் செல்லும்போது விசித்திரமானதொரு வேறுபாட்டைக் காண்பான். அப்பலோ 11 இறங்கு கலத்தின் செய்நிரல் முழுமையாக எஞ்சியுள்ளது. எம்.ஐ.ரி. அருங்காட்சியகத்திலிருந்த அச்சுப்பிரதியிலிருந்து ஆர்வலர் அதனைப் படியெடுத்தனர். 2016 முதல் அது பலருமறிந்த பொதுக் களஞ்சியமொன்றிலும் கிடைக்கின்றது. அதனை எழுதியோர் இடையிடையே இட்ட வேடிக்கைக் குறிப்புகளைக்கூட எவரும் வாசிக்கலாம். பாத்ஃபைண்டரைப் பற்றி ரீவ்ஸின் சொந்த விளக்கம் உண்டு. தெராக் 25 பற்றி நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் நான்சி லெவிசன், கிளார்க் ரேணர் ஆகிய இருவர் வழக்குப் பத்திரங்களிலிருந்தும் அரசாங்க ஆவணங்களிலிருந்தும் திரட்டி 1993 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையின் வழியாகவே. செய்நிரல் பொதுமக்கள் பார்வைக்கு வந்ததில்லை. அதனை எழுதியவர் 1986 இல் நிறுவனத்தை விட்டு நீங்கினார். அவரது கல்வியையும் அனுபவத்தையும் பற்றி வழக்கறிஞர் கேட்டபோது, அந்நிறுவனத்தின் ஊழியரால் விடை கூற முடியவில்லை.